கடன் கொடுத்த நாய்

ஆல்டா ஃபியோர்டின் கரையில் இரண்டே வேன்கள்.
மைனஸ் இருபத்திரண்டு.
என் மூச்சே ஜன்னலின் உள்பக்கம்
பனியாகப் பூத்திருக்கும்.
காலையில் வங்கி அட்டையால் சுரண்டுவேன்,
அட்டைக்கு வேறு வேலையில்லை.

டீசல் ஹீட்டர் டிக் டிக்கென்று
தன்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கும்.
கூரைத் திறப்பை இரண்டு விரல் அகலம்
திறந்தே வைப்பேன்.
மூடினால் ஈரம், மூடினால் மயக்கம்.
குளிரைக் கொஞ்சம் உள்ளே விட்டால்தான்
குளிர்காய முடிகிறது.

நள்ளிரவு தாண்டி ஓட்வார் கதவைத் தட்டினார்.
அவர் ஹீட்டர் செத்துவிட்டதாம்.
உள்ளே வாருங்கள் என்றேன்.
பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வெந்நீர்ப் பை இருக்குமா என்றார்.
போன வாரமே ஒழுகிவிட்டது.

ஆகவே நாயைக் கொடுத்தேன்.
ஸ்கோர்ப்பா. முப்பத்தொரு கிலோ.
சுருண்டு படுத்தால் ஓர் அடுப்பு.
அவருடைய டார்ச் வெளிச்சத்தின் பின்னால்
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி
பனியில் போனாள்.

எனக்குத் தூக்கமில்லை.
இரண்டு காலுறை, அதன்மேல் மூன்றாவது.
ஹீட்டர் ஓடியது, வேன் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.
கால்மாட்டில் மட்டும்
ஒரு நாய் அளவுக்குக் குளிர்.

பத்து மணிக்கு, சூரியன் வராத வானம்
லேசாக நீலம் பாரித்தபோது
கதவைப் பிறாண்டினாள்.
மீசையில் மீன் சூப் வாசம்.
கழுத்துப்பட்டையில் செருகியிருந்த
பெட்ரோல் பங்க் ரசீதின் பின்புறம்
பென்சில் எழுத்து:
'குறட்டை விடுகிறாள். இன்றிரவும் கிடைப்பாளா?'

இன்னும் பதில் எழுதவில்லை.
மெக்கானிக் வியாழக்கிழமைதான் வருவாராம்.
இன்று திங்கள்.