கால் ஊன்றக் கூடாது

முதல் தடவை
வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை.
"கால் ஊனிட்டீங்க. அடுத்து" என்றார்.
அவர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டிருந்தார்.
நான் என் நிழல்மேலேயே விழுந்து கிடந்தேன்.

ஊரே சொல்கிறது
எங்கேயாவது ஓரிடத்தில் கால் ஊன்று,
பிழைத்துக்கொள்வாய் என்று.
அம்மா சொன்னாள். லேப் முதலாளி சொன்னார்.
காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர்கூட
அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தபடி
அதைத்தான் சொன்னார்.
தண்டையார்பேட்டையில் இந்த ஒரு மைதானத்தில் மட்டும்
ஊன்றினால் தோல்வி.

பதினோரு வருஷமாக
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து
ரத்தம் எடுக்கிறேன்.
வீடுவீடாகப் போய் எடுத்தால் நாலாயிரம் கூட.
மூன்று கம்பெனியில் கேட்டேன்.
ஒருவர் என் கையெழுத்து அழகு என்றார், அத்தோடு சரி.
ஒருவர் "உங்க வயசுக்கு..." என்று ஆரம்பித்து
டீ குடிக்கப் போய்விட்டார்.
மூன்றாமவர் நேராகக் கேட்டார்,
வண்டி ஓட்டுவீங்களா?
ஓட்டுவேன் என்றேன்.
பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.
வண்டிதான் வரவில்லை.

இரண்டாம் தடவை, எட்டின் இடுப்பில்.
மூன்றாம் தடவை முழுசாகவே போட்டுவிட்டேன்,
கடைசி முழத்தில் செருப்பு நுனி,
சத்தியமாக நுனிதான்,
மண்ணைத் தொட்டது.
நான்காம் தடவை மழை.
மைதானத்தில் முழங்கால் தண்ணீர்,
எட்டு எங்கேயோ அடியில் கிடந்தது.
அடுத்த வாரம் வாங்க என்றார்கள்.
சந்தோஷமாகத் திரும்பினேன்.
அதை ஏன் மறைக்கணும்.

ராத்திரி பத்தரைக்கு மேல்
ஜெயபாலன் ஸ்கூட்டர், மணிக்கு ஐம்பது ரூபாய்,
பெட்ரோல் என்னுடையது.
குட்ஷெட் பக்கத்துத் தெருவில்
சாக்பீஸ் ஈரத்தில் நிற்காது என்று
கோலமாவால் எட்டு வரைந்தேன்.
ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர் பந்தயம் கட்டினார்கள்,
இரண்டு பேருமே எனக்கு எதிராக.
விடிந்து பார்த்தால்
கீழ்வீட்டு ரெஜினா என் எட்டுக்கு
ஒரு கண் வைத்து, நாலு செதில் போட்டு
மீனாக்கி வைத்திருந்தாள்.
பல் தேய்த்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிகூட இல்லை.
சும்மா, மீன்.

நரம்பு கிடைக்காத கைகள் உண்டு.
குத்துவேன், வராது.
மன்னிச்சுக்கங்க என்று பட்டியை அவிழ்த்து
மற்றக் கையில் கட்டுவேன்.
தட்டுவேன். தடவுவேன். காத்திருப்பேன்.
ஒருநாளும் நினைத்ததில்லை
இந்த ஆளுக்கு ரத்தமே இல்லை என்று.
என்னைப் பற்றி மட்டும்
நாலே வாரத்தில் அப்படி நினைத்துவிட்டேன்.

ஐந்தாம் தடவையைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

ஆறாம் தடவை
அவர் போனில் யாரிடமோ
கல்யாண மண்டபத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.
போட்டேன்.
போய், வளைந்து, கடந்து, வளைந்து,
தொடங்கின இடத்துக்கே வந்து நின்றேன்.
தலையைத் தூக்காமல் "ம், போங்க" என்றார்.
பார்த்தாரா?
இன்னொரு தடவை போடட்டுமா சார் என்று
கேட்க வாயெடுத்தேன்.
மூடிக்கொண்டேன்.

இன்று காலை ஆறே முக்கால்.
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
காலிடுக்கில் ஐஸ் பெட்டி,
உள்ளே மூன்று வீட்டு ரத்தம்,
ஒவ்வொன்றிலும் பெயர், என் அழகான கையெழுத்தில்.
சரக்கு ரயில் முடிவதாக இல்லை.
முன்னால் பால் வண்டி, பக்கத்தில் மீன்கூடை,
பின்னால் தூங்கும் பையனை
முதுகோடு துப்பட்டாவால் கட்டிய ஒருத்தி.
எல்லோரும் காலை ஊன்றிக்கொண்டு
ஹாரன் அடிக்கிறோம்.
ஒருவர்கூட ஃபெயில் இல்லை.