எத்தனை பவுண்டு

புதுவயல் ரோட்டில் அரிசி ஆலை லாரிகளுக்குப்
பஞ்சர் ஒட்டுகிறவன் நான்.
கடையிலிருந்து ஆலை கேட் முன்னூறு தப்படி.
அதற்குள் நான்கு முறை நிற்பேன்.
இடது கெண்டைக்காலை யாரோ
ஈரத்துணி போலப் பிழிவார்கள்.
நின்றால் விடும். நடந்தால் பிடிக்கும்.
சும்மா நிற்பது கேவலம் என்று
சுவரொட்டி படிப்பேன்.
காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, உரக்கடைத் திறப்பு.
ஆறு மாதமாக ஊரில் யார் செத்தாலும்
எனக்குத்தான் முதலில் தெரியும்.

காரைக்குடி டாக்டரம்மா ஷமீமா
பாதத்தின் மேல் இரண்டு விரல் வைத்துத் தேடினார்.
ரொம்ப நேரம் தேடினார்.
தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி
குமிழி எங்கே என்று நான் தேடுகிற அதே முகம்.
எனக்குக் கசிவு வேண்டும், அவருக்கு ஓட்டம்.
"துடிப்பே இல்லையே, சேவுகன். பீடி எத்தனை?"
ஒரு கட்டு என்றேன்.
ஒன்றரை.

தொடையில் அடைப்பு.
வலது இடுப்பில் நுழைந்து இடது காலுக்கு இறங்குவார்களாம்.
வயர் மேல் பலூன், பலூன் மேல் மருந்துப் பூச்சு.
"கம்பிக்கூடு எதுவும் உள்ளே விட மாட்டோம்.
விரித்து, குழாய்ச் சுவரில் மருந்தை அப்பி,
சுருக்கி எடுத்துவிடுவோம்."
எத்தனை பவுண்டு காற்று?
சிரித்தார். "காற்று இல்லை, தண்ணீர்.
உங்கள் கணக்கில் நூற்றிருபது வரும்."
லாரி டயர்!
டிராக்டர் பின் சக்கரத்துக்கும் தண்ணீர் ஏற்றுவோம்,
சேற்றில் வழுக்காமலிருக்க, என்றேன்.
அவருக்கு அது தெரியாது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.
கேரண்டி உண்டா என்று கேட்கவில்லை.
என்னிடம் கேட்பவர்களுக்கு
நான் சொல்கிற பதில் எனக்குத் தெரியும்.

இடுப்பு மட்டும் மரத்திருந்தது. விழித்தேதான் கிடந்தேன்.
திரையில் என் கால் ஒரு கருவேலங் கிளை,
நடுவில் முறிந்தது.
"இப்போது இழுக்கும்" என்றார். இழுத்தது.
மூன்று நிமிடம்.
சொலூஷன் தடவிய ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்தியபடி
எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருப்பேன்:
அவசரப்பட்டா பிச்சுக்கிட்டு வரும்ணே, கொஞ்சம் பொறுங்க.

பொறுத்தேன்.
முறிந்த இடத்தைத் தாண்டிக் கறுப்பு ஓடி இறங்கியது.
இரவு பொன்னழகு பாதத்தைத் தொட்டுப் பார்த்து
காய்ச்சலா என்றாள்.

மூன்றாம் வாரம் ஆலை கேட்டுக்கு நடந்தேன்.
இரண்டாவது சுவரில் வழக்கம்போல் நின்றேன்.
நின்ற பிறகுதான் உறைத்தது, வலி இல்லை.
நின்றது நின்றாயிற்று என்று படித்தேன்:
வைரவன், லாரி உரிமையாளர், வயது ஐம்பத்தொன்று.
ஸ்டெப்னி ஒட்டியதில் நாற்பது ரூபாய் பாக்கி.
சட்டைப்பையில் பிரிக்காத பீடிக்கட்டு.
தூக்கிப் போடவும் இல்லை இன்னும்.