அட்டையில் இல்லாத நிறம்

இருபதாயிரம் லிட்டர் எமல்ஷன் விற்றதற்கு
கம்பெனி எங்களைப் பாலித் தீவுக்கு அனுப்பியது.
நான்கு இரவு, ஐந்து பகல், டீலருக்கும் துணைக்கும்.
செவ்வாய்ப்பேட்டைக் கடை என் பெயரில் இருப்பதால்
டீலர் நான்; துணை பொன்னுரங்கம்.
விமானத்தில் இதை இரண்டு முறை சொல்லிச் சிரித்தார்.
மூன்றாம் முறை நான் சொன்னபோது சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மழை. படகுச் சவாரி ரத்து.
ஈரோட்டு டீலர்கள் அறைக்குள் சீட்டாட,
நாங்கள் செருப்பு நனைய நடந்து ஒதுங்கிய
கூரைக்குக் கீழே ஆளுயரச் செம்புப் பானைகள்.
சேகோ ஆலையோ என்று பார்த்தேன்.
ஆத்தூர் ரோட்டில் பஸ் ஜன்னலை மூடவைக்குமே
அதே புளித்த வாடை,
குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தது போல.

கெதுட் என்று ஒரு பையன். கையில் பலகை,
பலகையில் ஆறு பள்ளம், பள்ளத்துக்கொரு குட்டி கிளாஸ்.
இங்கேயே காய்ச்சிய பியர் என்றான்.
அவன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒரே பள்ளிக்கூடத்தில் பெயிலானவை.
பொன்னுரங்கம் லெமன் சோடா கேட்டுவிட்டு
மாலை போட்டவர் மாதிரி ஓரடி தள்ளி உட்கார்ந்தார்.

நான் உடனே குடிக்கவில்லை.
கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
இருபத்திரண்டு வருஷம் ஷேட் கார்டு விரித்த கண்.
முதலாவது நனைந்த வைக்கோல்.
அடுத்தது டிஸ்டம்பரில் தண்ணீர் கூடிப்போன கலங்கல்.
ஒன்றில் மாம்பழம் போட்டிருந்தான்,
சேலத்துக்காரியிடம் போய்.
நான்காவது
தேக்குக் கதவு, மூன்று கோட் வார்னிஷ்,
சாயங்கால வெயில் அதன் மேல்.

கசந்தது. பாகற்காய்க் கசப்பு இல்லை.
நாரத்தைத் தோலை நகத்தால் கீறினால்
மூக்குக்கு முதலில் தெரியுமே, அது.
பின்னால் ஒரு வறுத்த வாசம்.
அதற்கும் பின்னால்
தேன் இருந்துவிட்டுப் போன இடம்.

"எப்படி இருக்கு?" என்றார்.
சொல் வரவில்லை.
எங்கள் வீட்டில் இதற்கு ஒரே சொல், சரக்கு.
அந்தச் சொல்லில் ருசி கிடையாது.
அதில் இருப்பது வாசற்படி, பினாயில்,
சித்தப்பாவின் ஒற்றைச் செருப்பு.
கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.
"அட" என்றார்.
லெமன் சோடா அப்படியே கிடந்தது.

ஊர் திரும்பி இரண்டாவது ஞாயிறு.
ஏற்காட்டில் ஒரு காட்டேஜ் பாக்கி வசூலிக்கப் போகும் வழியில்
அஸ்தம்பட்டியில் வண்டியை நிறுத்தி
ஒரு பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார்.
நான் சீட்டில் குனிந்திருந்தேன், எதையோ தேடுகிறவள் போல.
தீவில் டீலர். இங்கே துணை.

பதினேழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஓரம் கட்டினோம்.
எவர்சில்வர் டம்ளர். நிறம் தெரியவில்லை.
ஓட்டுகிறவர் என்பதால் அவர் மோந்ததோடு சரி.
பானெட்டில் ஒரு குரங்கு சாட்சிக்கு உட்கார்ந்தது.
"எப்படி?"
"ப்ரைமர்."
சிரித்து ஹாரன் மேலேயே விழுந்தார். குரங்கு ஓடியது.

திங்கள் பதினோரு மணி, கடையில் ஆள் இல்லை.
மெஷினில் கிளியர் பேஸ் வைத்தேன்.
மஞ்சள் ஆக்சைடு, கொஞ்சம் சிவப்பு, ஒரு சொட்டுக் கறுப்பு.
டீ வந்தது.
மறுபடி கலக்கினால் சாமியார் வேட்டி.
ஐந்தாம் டப்பாவில் கிட்டத்தட்ட வந்துவிட்டது,
வெளிச்சம் மட்டும் உள்ளே நுழையவில்லை.
பெயிண்டால் ஆனது அவ்வளவுதான் என்று
கோடவுன் சுவரில் ஆள் அகலத்துக்கு அடித்துவைத்தேன்.

ரோலர் வாங்க வந்த அர்த்தநாரி மேஸ்திரி
சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்.
"குகையில ஒரு கல்யாண வீடு. ஹாலுக்கு இதையே அடிச்சா என்ன?
அட்டையில எந்த நம்பர்?"
"அட்டையில இல்லை."
"பேரு?"
பொன்னுரங்கம் சில்லறை எண்ணுவதுபோல் கல்லாவுக்குள் குனிந்தார்.
தோள் குலுங்கியது.

"நாரத்தை" என்றேன்.
"எத்தனை லிட்டர்?"