பாதைக்காரன் மூட்டை அவிழ்ப்பதில்லை

குருமண்வெளித் துறையடியில் என் கடை.
ரீலோட், போட்டோக்கொப்பி, சோடா.
கதவில் அஸ்மீர் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ்:
ஐந்து செயலிக்கு அளவே இல்லை.
ஆறாவதைப் பற்றி அதில் ஓரெழுத்தும் இல்லை.

கார்த்திகை. வாவி வீங்கிக் கிடந்த பின்னேரம்
மண்டூர்ப் பக்கமிருந்து வந்திறங்கினாள் கிருபைமலர்.
"கடல் ஊருக்குள்ள ஏறப்போகுதாம் கா,
பதினெட்டுப் பேர் அனுப்பிட்டாங்க."
குரல் பதிவு, ஓடும் சனம்,
எந்த நாட்டுக் கடலோ, ஒரு பெரிய அலை,
எல்லாம் அவள் போனில் தடங்கலில்லாமல் ஓடின.
வானிலைத் திணைக்களப் பக்கத்தைத் தொட்டேன்.
வட்டம் சுற்றியது,
சுற்றியது,
மீதி போதாது என்றது.

வதந்தி சும்மா வரும்.
மறுப்புக்குக் காசு.

என் போனுக்கு ஐம்பது ரூபா போட்டுத் திறந்தேன்:
தாழமுக்கம். கடும் மழை. வேறொன்றும் இல்லை.
"மாட்டையும் கண்டையும் அவிழ்த்து விட்டுட்டனே"
என்றாள். மறுகா ஒன்றும் பேசவில்லை.

இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை;
ஆளையும் மோட்டச்சைக்கிளையும் அக்கரை சேர்க்கும் மிதவை.
பாரம் கூடினால் காசு கூடக் கேட்பான், நியாயம்.
சாக்குக்குள் நெல்லா கருவாடா
பிள்ளையின் புத்தகமா என்று கேட்க மாட்டான்.
ஒவ்வொன்றாய் அவிழ்த்துக் கேட்ட காலமும் இருந்தது.
கேட்டவன் பாதைக்காரன் இல்லை.

அன்றிரவு, மிஞ்சிய டேட்டாவில் தேடினேன்.
சிலி என்றொரு நாடு, படத்தில் முருங்கைக்காய் போல,
எல்லோருக்கும் முந்தியே சட்டம் எழுதியிருக்கிறது.
இந்தியாவில் எதைப் பார்த்தாலும் ஒரே விலை;
மீறுகிற கொம்பனிக்கு
நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் தண்டம்.
ஐரோப்பாவில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது,
சிலதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவதும்
பாகுபாடுதான் என்று.
அமெரிக்காவில் ஒரு ஆட்சி எழுதும், அடுத்தது அழிக்கும்,
திரும்ப எழுதியபோது
நீதிமன்றம் சிலேட்டையே பறித்துக்கொண்டது.
இவ்வளவையும் வாசித்து
இலங்கை என்று தட்டினேன்.

வட்டம்.

ஐம்பது ரூபா அவ்வளவு தூரம்தான் போகும் போல.

அடுத்த கிழமை அஸ்மீர் புது நோட்டீஸோடு வந்தான்.
"ஆறு செயலியாக்கிட்டாங்க அக்கா!"
ஏழாவது எது என்றேன்.
சிரித்தான். பசை தேடினான்.
அவனும் கமிஷனுக்கு ஓடுகிற பிள்ளை,
கல்முனையிலிருந்து, மழைக்குள்ளால்.
ஒட்ட விட்டேன்.
அவன் போனபின் மார்க்கரால் கீழே எழுதினேன்:
இதில் வானிலை திறக்காது.
ஆஸ்பத்திரி திறக்காது.
சோதனை றிசல்ட் திறக்காது.
இடம் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் இன்னும் எழுதியிருப்பேன்.

கிருபைமலரின் மாடு
மூன்றாம் நாள் தானாக வந்ததாம்.
கண்டை இன்னும் தேடுகிறாள்.
அதன் படத்தைப் பதினெட்டுப் பேருக்கும் அனுப்பியிருக்கிறாள்.
அது இலவசம்.