மீதி ஒன்று

ஃபெர்மீன் அர்ரியாசா இறந்த ஒன்பதாம் நாள்
பீப்பாய்களை எண்ண என்னைக் கூப்பிட்டார்கள்.
மூன்று வாரிசு. பாகப்பிரிவினைக்குக் கணக்கு வேண்டும்.
ஹெரெஸ் நகரத்து ஆகஸ்ட் வெயிலை வாசலிலேயே விட்டுவிட்டு,
மணல் தரைக்குத் தண்ணீர் தெளித்து,
சாக்கட்டியோடு உள்ளே போனேன்.

நான்கு அடுக்கு.
உச்சியில் போன வருடத்து ஒயின்.
அடியில், வயது யாருக்கும் தெரியாதது.
விற்பதற்கு அடியிலிருந்துதான் எடுப்போம்;
மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஒரு குவளை கிடையாது.
அந்தக் குறையை மேலடுக்கு நிரப்பும்,
அதன் குறையை அதற்கும் மேலே இருப்பது.
அடிப் பீப்பாய் காலியானதே இல்லை.
சண்டை நடந்த வருடத்தில் இல்லை,
கொடியின் வேரைப் பூச்சி தின்ற வருடத்திலும் இல்லை.

மூத்தவள் இத்சியார் பின்னாலேயே வந்தாள்.
"என் பாட்டனாரின் ஒயின் இதில் இன்னும் இருக்குமா?"
இருக்கும் என்றேன்.
மூன்றில் இரண்டை மூன்றில் இரண்டால்
ஆயுசுக்கும் பெருக்கினாலும் பூஜ்யம் வராது.
அவள் மரத்தில் கை வைத்து அழுதாள்.
பொய் அழுகை இல்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எங்கள் கணக்கும் அவர்கள் பேரேட்டில்தான் இருக்கிறது.
கடைசிப் பக்கங்களில், கோணல் கையெழுத்தில்:
பெனீத்தெஸ், முன்பணம், மனைவி பிரசவம்.
அடுத்த பேரேட்டில்
பெனீத்தெஸ் மகன், முன்பணம், ஒரு ஜோடி செருப்பு.
அதற்கடுத்ததில் என் அப்பா,
முன்பணம், மேற்படி மகனின் சவப்பெட்டி.
ஒரு பங்கு கழியும்போதெல்லாம்
மேலிருந்து ஒரு பிள்ளை இறங்கி வந்து
குறையை நிரப்பியிருக்கிறான்.
எங்கள் அடிவரிசையும் காலியானதில்லை.

எண்ணி முடித்தேன்.
அறுநூற்றுப் பதின்மூன்று.
மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்.
அந்த ஒன்றுக்காக வழக்கறிஞர் வருவார்,
லண்டனிலிருந்து தம்பி போனில் கத்துவான்,
கிறிஸ்துமஸுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டார்கள்.
தாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
"எவ்வளவு கச்சிதம்!" என்றார் நோட்டரி.
தலைக்கு இருநூற்று நான்கு.

தூணுக்குப் பின்னால் இருக்கிறது விட்டுப்போன ஒன்று.
ஐந்நூறு லிட்டர்.
திருட்டென்று சொல்லவும் வழியில்லை:
ஐந்நூறு லிட்டரை மடியில் கட்டிக்கொண்டு
எந்தக் கதவு வழியாகப் போவது?
அது உட்கார்ந்திருக்கும் மணல் அவர்களுடையது.
வருடாவருடம் அதன் குறையை நிரப்ப வேண்டியதும்
அவர்களுடைய மேலடுக்கிலிருந்துதான்.

சாயங்காலம் பூட்டினேன்.
தெருவில் பள்ளி விட்டு வந்த பெண் ஒருத்தி
சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.
மரத்தின் வழியாகக் காற்றுக்குப் போய்விடும் ஒயினை
எந்தப் பத்திரத்திலும் இன்னும் எழுதவில்லை.

சாவியை நாளை கேட்கிறார்கள்.
பூட்டை மாற்றப் போகிறார்களாம்.