இரண்டு உண்மை, ஒரு பொய்

புதன்கிழமை காலை எட்டரைக்கு
புதிய மாணவர்களை வட்டமாக உட்காரவைப்பார்களாம்.
பெயர், ஊர், எடுக்கப்போகும் பாடம்.
பிறகு ஆளுக்கு இரண்டு உண்மை, ஒரு பொய்;
எது பொய்யென்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.
தயாராக வரச் சொல்லி மின்னஞ்சல்,
கடைசியில் ஒரு மஞ்சள் சிரிப்பு.

மற்றதெல்லாம் ஆயிற்று.
தடுப்பூசிச் சான்று, குளியலறைச் செருப்பு,
கழுத்து ஆடும் மேசைவிளக்குக்கு
மூன்று சுற்று டேப்.
விடுதிக் கட்டில் ஐந்து அங்குலம் நீளமாம்,
அதற்குத் தனி விரிப்பு, பதினாறு டாலர் கூடுதல்.
"அங்கே போய் வளரப்போகிறாயா?" என்றாள் அம்மா,
வறுவல் ஆலையின் எண்ணெய் வாசம் போகாத விரல்களால்
நோட்டுகளை இரண்டு முறை எண்ணியபடி.

பொய்தான் அமையவில்லை.

உண்மை ஒன்று சுலபம்:
மேய்னின் வடகோடியில் எங்கள் ஊரில்
உருளைக்கிழங்கு அறுவடைக்காகப்
பள்ளியை மூன்று வாரம் மூடுவார்கள்.
நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.
இரண்டு இலையுதிர்காலம் அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று
ஓடும் பட்டையில்
கிழங்கை விட்டுக் கல்லைப் பொறுக்கியவள் நான்.
இன்றும் எதைக் கொடுத்தாலும்
கை முதலில் கல்லைத்தான் தேடும்.

உண்மை இரண்டு:
என் அண்ணன் இதே கல்லூரியில் படித்தான்.

படித்தானா?

நேற்று தலையணை உறை தேடப்போய்
அலமாரி அடியில் ஒரு நீலக் கோப்பு.
அதே பைன்மரச் சின்னம்.
டேமியன் செயின்ட் பியர் என்று பெயர்ச்சீட்டு,
பின்பக்கத் தாள் உரிக்கப்படாமல்.
நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட்.
போனான், இரண்டாம் நாள் இரவே வந்துவிட்டான்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
அம்மா முட்டை பொரித்துக் கொடுத்தாள்.
அடுத்த வாரம் கிழங்குக் கிடங்கில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனான்.
இன்றும் ஓட்டுகிறான். நன்றாக ஓட்டுகிறான்.

கோப்புக்குள் வளாக வரைபடம்.
நூலகம், உணவுக்கூடம், வேதியியல் கட்டடம்
எதன்மேலும் ஒரு கீறல் இல்லை.
பேருந்து நிறுத்தத்தை மட்டும்
தாள் கிழியும்வரை சுழித்திருக்கிறது பேனா.

ஓரத்தில் அவன் எழுத்து:
ஒன்று, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.
இரண்டு, பத்தடி தூரத்தில் கரடியைப் பார்த்திருக்கிறேன்.
மூன்று.
அவ்வளவுதான். எண் மட்டும்.

மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.
உறைகளை அதன்மேல் அடுக்கினேன்.

குடும்பத்தினருக்குத் தனி அமர்வு, பத்து மணிக்கு.
அம்மாவுக்கு ஷிஃப்ட்.
விருந்தினர் பெயர் என்ற கட்டத்தில்
கேட்காமலே அவன் பெயரைத் தட்டிவிட்டேன்.
சொன்னபோது டேமியன் ஒன்றும் பேசவில்லை.
"வண்டி எங்கே நிறுத்துவதென்று தெரியும்" என்றான்,
கொஞ்ச நேரம் கழித்து.
சாயங்காலம் முடிவெட்டிக்கொண்டு வந்தான்,
காதுக்குப் பின்னால் வெயில் படாத வெள்ளைக் கோடு.

நாலரை மணி. வண்டியின் பின்னால்
தார்ப்பாய்க்கு அடியில் என் உடைமைகள்,
கொக்கியில் இஸ்திரி போட்ட அவன் சட்டை.
இரண்டு பக்கமும் இருட்டில் கிழங்கு வயல்.
நாற்பது மைல்வரை வானொலியில் வானிலை மட்டும்.
பிறகு கேட்டான்:
"அந்த விளையாட்டை இன்னும் வைத்திருக்கிறார்களா?"
ஆமாம் என்றேன்.
"பொய் தயாரா?"
இல்லை என்றேன்.

ஒரு மரலாரி எதிரே கடந்துபோனது.

"கரடியை எடுத்துக்கொள்" என்றான்.
"எனக்கு அது பயன்படவே இல்லை."

அப்படியென்றால் அது பொய்யா என்று கேட்டேன்.
முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லாத சாலையில்
நிதானமாக இண்டிகேட்டர் போட்டு
தெற்கே திரும்பினான்.