முதுகொடிச்சான் படிக்கட்டு

கொயிம்ப்ராவில் என் வேலை பின்னோக்கி நடப்பது.
முகம் குழுவின் பக்கம், முதுகு மேட்டின் பக்கம்,
கையில் விரியாத மஞ்சள் குடை.
இந்தப் படிக்கட்டுக்குப் பெயரே முதுகொடிச்சான்.

நூலகத்து வௌவால்களைச் சொல்வேன்:
இரவெல்லாம் பூச்சி தின்று ஏடு காப்பவை,
சம்பளம் கேட்காத ஊழியர்கள்.
கோபுரத்து மணியைச் சொல்வேன்.
ஆடு என்றுதான் அதைத் திட்டுவார்கள்.
கத்தினால் வகுப்பு.
கருப்பு அங்கிப் பிள்ளைகள் இன்னும் ஓடுகிறார்கள்.

பிறகு அந்தப் பச்சை ஜன்னல்.
முதல் வருஷம், மழை,
யாரோ ஒரு ஜெர்மன்காரர் கொட்டாவி விட்டார்.
பதறிப்போய்
அதனடியில் ஒருவனை நிறுத்திவிட்டேன்:
சட்டம் படித்தவன், தேர்வில் தோற்றவன்,
மேலே பார்த்தபடி விடியவிடிய நனைந்தவன்.
பெயர்கூட வைக்கவில்லை.

மூன்றாம் வருஷம் பார்த்தால்
எதிர்க் கம்பெனி ஃபிலிஸ்பெர்த்தோ
அவனுக்குப் பெயர் வைத்திருந்தான்,
காசநோயும் கொடுத்திருந்தான்.

நேற்று ஜன்னல் திறந்தது.
ஈரத்தலையில் துண்டோடு தோனா எர்மெலிந்தா:
"பதினொரு மணிக்கு நனைகிறான்,
மூன்று மணிக்கு இருமிச் சாகிறான்.
இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.
இது என் குளியலறை."

குழு கைதட்டியது.
நான் காலால் அடுத்த படியைத் தேடினேன்.

இன்று சாத்தியே இருந்தது.
நான் வாயைத் திறந்ததும்
உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.
குரலைத் தாழ்த்திக்கொண்டு
அவனைத் தேர்வில் பாஸாக்கி,
தலை துவட்டி,
மாலை ரயிலில் ஊருக்கு ஏற்றிவிட்டேன்.

ஃபிலிஸ்பெர்த்தோவுக்கு இன்னும் தெரியாது.